சேலைக் கடையில் ஒரு கொடுக்கு

என்னைப் பார்த்து 'பாவம்' என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பத்து விரலும் தீர்ந்ததும் விட்டுவிட்டேன். அந்தப் பத்து விரலும் நேராக இல்லை என்பது வேறு விஷயம். எனக்கு முடக்குவாதம். நாற்பத்து மூன்று வயதில் விரல் மூட்டுகளில் வந்து உட்கார்ந்தது, பிறகு தோள்பட்டைக்கு ஏறியது, அங்கிருந்து இடுப்புக்கு இறங்கியது. ஐம்பத்தைந்தில் வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்தார்கள். இப்போது கையை மார்புக்கு மேல் தூக்க முடியாது, இடுப்புக்குக் கீழே குனிய முடியாது. மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் இருப்பது மட்டும் என்னுடையது, மற்றதெல்லாம் மற்றவர்கள் பாடு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

அதற்கு முன்பு நான் கிள்ளானில் ஒரு சேலைக் கடையில் இருபத்திரண்டு வருடம் சேலை காட்டினேன். வேலை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். சேலை காட்டினேன். இரண்டும் ஒன்றில்லை. வருகிறவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவள் உடுத்தியிருக்கும் துணியின் கரையையும் கையில் போட்டிருக்கும் வளையலையும் பார்த்து, இன்று இவள் எந்த நிறத்தில் விழுவாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று நுழைகிறவர்கள் மூன்று பையோடு படி இறங்குவார்கள். மடித்த சேலையை உதறி, முந்தி மேல் பக்கம் வருவது போல மேசையில் விரிப்பதற்கு ஒரு வீச்சு உண்டு. எனக்கு வந்த மாதிரி அது அந்தத் தெருவில் வேறு யாருக்கும் வந்ததில்லை. பெருமைதான் பேசுகிறேன். பேசுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

இடுப்பு அறுவை முடிந்து படுத்திருந்தபோது, பயிற்சி கொடுக்க ஒரு மலாய்ப் பெண் வருவாள். நான் கட்டிலிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே போதும், "காக், ஜாங்ஙான் போங்கோக்!" என்று அலறுவாள். அக்கா குனியாதீங்க என்று அர்த்தம். ஒரு நாளைக்கு முப்பது தடவை அதைக் கேட்டிருப்பேன். ஒரு நாள் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறி, "குனியாம கீழ கிடக்கறத எப்படி எடுக்கறது, நீயே சொல்லு" என்று தமிழும் மலாயும் கலந்து கத்திவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே போய் ஒரு கோலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

அதில் ஒரு கைப்பிடி, கைப்பிடியில் துப்பாக்கியில் இருப்பது போல ஒரு விசை, நடுவில் இரண்டரை அடி அலுமினியக் குழாய், நுனியில் இரண்டு தாடைகள். விசையை அழுத்தினால் தாடை மூடும், விட்டால் திறக்கும். அவ்வளவுதான் சமாசாரம். என் விரல்களுக்கு ஒற்றை விரல் விசை சரிப்படாது என்று, நான்கு விரலும் சேர்த்து அழுத்துகிற மாதிரிதான் கொண்டுவந்திருந்தாள். தரையில் என் காலுறை ஒன்று கிடந்தது. மூன்று தடவை நழுவியது. நான்காவது தடவை அது தாடையில் மாட்டி மேலே வந்தது. என் சொந்தக் காலுறையை யாரையும் கூப்பிடாமல் நானே எடுத்தேன். அழுதுவிட்டேன். அந்தப் பெண் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, கோபம் என்றேன். இப்படி ஒன்று உலகத்தில் இருக்கும்போது பன்னிரண்டு வருடமாக ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம்.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற லோரி டிரைவர். அதைப் பார்த்ததும், "நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கு லா" என்றார். அன்றிலிருந்து அதற்குக் கொடுக்கு என்றே பெயர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். நல்ல மனுஷனாக இருந்ததுதான் தொல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள், மேல் அலமாரியில் இருந்ததையும் கீழ் அலமாரியில் இருந்ததையும் எல்லாம் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தார். சீனி, மிளகாய்த்தூள், மாத்திரை டப்பா, சீப்பு, ரிமோட், சாமி படத்துக்கு வைக்கிற குங்குமம் எல்லாம் அங்கேதான். நடுவில் என்னை ஒரு நாற்காலியில் கொலு பொம்மை மாதிரி உட்கார வைத்தார்.

"என்ன வேணும்னு சொல்லு. நான் எடுத்துத் தரேன்."

"எனக்கு வேணுங்கறத நான் எடுக்கணும். அதான் வேணும்."

"எதுக்கு இந்த வீம்பு?"

வீம்புதான். கொடுக்கால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். கொடுக்கின் முதல் நல்ல பயன் அது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் அடுத்த நாளே சீனி டப்பாவை மேல் அலமாரிக்குத் திருப்பி அனுப்ப வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கொடுக்கு இரவல். ஆறு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒன்று வாங்க இருவரும் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். அந்தத் தெருக்களில் கண் தெரியாதவர்கள் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து போவார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் நான் கைத்தடியோடு நடந்த அன்றுதான் அவர்களைச் சரியாகப் பார்த்தேன். நடைபாதையில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார். வெள்ளைக் கோல்காரர் ஒருவர் வந்து அதன் மேல் கோலால் படார் படார் என்று நாலு தட்டுத் தட்டி, "எவன்டா இங்க கொண்டாந்து வச்சவன், இது உங்கப்பன் வீட்டு வாசலா?" என்று ஊருக்கே கேட்கும்படி திட்டிவிட்டுப் போனார். வண்டிக்காரர் ஓடி வந்து தள்ளிக்கொண்டு போனார். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடித்துவிட்டது.

மருத்துவச் சாமான் கடையில் ஒரு பெண் நின்றாள். நான் அவள் எதிரில் நிற்கிறேன். அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அங்கிள், ஆன்டியால கை எவ்ளோ தூக்க முடியும்?" என்று கேட்டாள்.

"ஆன்டிக்குக் கைதான் சரியில்ல, வாய் நல்லாத்தான் இருக்கு. ஆன்டியையே கேளும்மா" என்றேன்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம் என்று நான் நினைக்கவில்லை. அவள் காட்டியவற்றில் தாடை சுழல்கிற ஒன்றை எடுத்து, அவள் சட்டைப் பையில் இருந்த பேனாவை அப்படியே உருவி எடுத்து அவள் கையில் வைத்தேன். "இதையே போடு" என்றேன். ரயிலில் திரும்பி வரும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "இத வச்சு என்ன பண்ணப் போற?"

"கடைக்குப் போகப் போறேன்."

அவர் ஷா ஆலம் தாண்டும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காலுறையையும் பேனாவையும் எடுப்பது பெரிய காரியமில்லை. பட்டு வேறு. பட்டு வழுக்கும், தாடையின் பல் பட்டால் ஜரிகை இழை பிரியும், ஒரு இழை பிரிந்தால் அந்தச் சேலை போச்சு. என் பீரோவில் இருந்த முப்பத்தேழு சேலையையும் வீட்டுக்காரரை மேல் தட்டில் அடுக்கச் சொல்லி, மூன்று வாரம் காலையும் மாலையும் அவற்றை எடுத்து எடுத்துப் பழகினேன். முதல் நாள் ஒன்பது சேலை தலையில் விழுந்தது. தாடையில் பழைய ரவிக்கைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துணியைச் சுற்றித் தைத்தேன். திறந்த ஓரத்தைப் பிடித்தால் சேலை அவிழ்ந்து கொட்டும், மடிப்பின் முதுகுப் பக்கத்தைப் பிடித்தால் அப்படியே வரும். கனமான பட்டை முழுதாகத் தூக்க முடியாது. பாதி வெளியே இழுத்து, இடது முன்கையை அடியில் கொடுத்து, அதன் மேல் சரிய விட வேண்டும். இதையெல்லாம் எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. சேலையைத்தான் இருபத்திரண்டு வருடமாகத் தெரியுமே. மணிக்கட்டு வீங்கியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி எடுத்தேன்.

அந்த வீச்சு மட்டும் திரும்பவில்லை. கை அவ்வளவு உயரம் போகாது. மேசையோடு ஒட்டித் தள்ளி விரிக்கப் பழகிக்கொண்டேன். பார்ப்பதற்கு முன்னைவிட நிதானமாக, அழகாகவே இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வீச்சை நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்க அழுதேன். அதோடு சரி.

பிறகு கடைக்குப் போனேன். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து நாற்காலி போட்டார். அந்த நாற்காலி தாழ்வானது, அதில் நான் உட்காரக் கூடாது, நின்றுகொண்டே பேசினேன். திரும்ப வேலைக்கு வருகிறேன் என்றதும் அவர் முகம் இளகிப் போனது. அந்த இளக்கம் எனக்கு ஆகவே ஆகாது.

"ரெஸ்ட் எடு தங்கச்சி. இருபத்திரண்டு வருஷம் நின்னது போதாதா? பொழுது போகலன்னா பின்னால உக்காந்து விலைச் சீட்டு ஒட்டு. யாரும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"எனக்குத் தொந்தரவு வேணும் பாய்."

அப்போது கடைப் பெண் ஒருத்தி, உச்சியில் தொங்கிய ஒரு பாவாடை செட்டை நீளக் கம்பின் கொக்கியால் மாட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சேலைக் கடையிலும் அப்படி ஒரு கொக்கிக் கம்பு இருக்கும்.

"பாய், அந்தப் பொண்ணு கையில இருக்கறது என்ன?"

"கம்பு."

"எதுக்கு?"

"எட்டாதத எடுக்கத்தான்."

"அவளுக்கு எட்டல, கம்பு வச்சிருக்கா. எனக்கு எட்டல, நான் இத வச்சிருக்கேன். அவ முன்னால நிப்பா, நான் மட்டும் பின்னால உக்காந்து சீட்டு ஒட்டணுமா?"

பாய் தாடியைத் தடவினார். அந்தப் பெண் கம்பைப் பிடித்தபடியே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் சொன்னார்: "ஒரு வாரம் பாப்போம். ஆனா ஒண்ணு. கஸ்டமர் யாராச்சும் ஒருத்தர் மூஞ்சச் சுளிச்சாலும் அத்தோட முடிஞ்சுது. என் மேல கோவப்படக் கூடாது."

சரி என்றேன். ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில்தான் என் மிச்ச வாழ்க்கை இருந்தது. முன்னால் நின்று சேலை காட்டுகிறவளா, வீட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளா என்பது அதில் முடிவாகிவிடும். அது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கொடுக்கு அலமாரியைத்தான் தொட வேண்டும், ஆளைத் தொடக் கூடாது. தட்டிலிருந்து மேசைக்குக் கொடுக்கு, மேசையிலிருந்து மனுஷருக்குக் கை. நம் ஜனங்களுக்கு ஒரு பொருளை இடது கையால் நீட்டினாலே முகம் மாறும், அது எனக்குத் தெரியாததில்லை. உயரமான ஸ்டூல் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோய், அதில் பாதி உட்கார்ந்து பாதி நின்று நான்கு நாள் ஓட்டினேன். முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் செராஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்னிடம்தான் காட்டச் சொல்லிக் காத்திருந்தது. ஒரு சின்னக் குழந்தை, அதே மாதிரி கை தனக்கும் வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதது. நான்காம் நாள் பாய் என் பக்கம் வந்து தேநீர் வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. டெங்கில் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது, ஒன்பது பேர். மாப்பிள்ளை வீடு, கூறைப்புடவை எடுக்க வந்திருந்தார்கள். கூட்டத்தில் யார் முடிவெடுப்பவர் என்று கண்டுபிடிப்பதுதான் சேலை காட்டுகிறவளின் முதல் வேலை. அங்கே அது மாப்பிள்ளையை வளர்த்த பெரியம்மா. எழுபது வயது இருக்கும். முழங்கால் வலியோ என்னவோ, வந்ததும் தூண் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற எட்டுப் பேரும் மேசையை மொய்த்துக்கொண்டு ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். ஒருத்தி, கல்யாணப் பெண்ணுக்கு வீடியோவில் ஒவ்வொரு சேலையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அன்று வெறி பிடித்தவள் மாதிரி வேலை செய்தேன். மேல் தட்டு, கீழ்த் தட்டு, நடுத் தட்டு. ஒன்று நழுவவில்லை, ஒன்று கலையவில்லை. காலையிலிருந்து கடையில் ஒருவரிடமும் ஒரே ஒரு உதவிகூட நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரு அரக்குப் பட்டை இழுத்து விரித்தேன். எட்டுப் பேரும் வாயை மூடினார்கள். பெரியம்மா தூணோரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். கண்ணில் விழுந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் முடிந்தது வேலை.

மேசையைச் சுற்றி அவரிடம் போக எனக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், இதைக் கொஞ்சம் அம்மாவிடம் கொண்டு கொடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவரையும் கேட்காத நாளாக அந்த நாள் முடிய வேண்டும் என்று ஒரு திமிர். முந்தியின் நுனியைக் கொடுக்கால் கவ்வி, எட்டுப் பேர் தோளுக்கு நடுவில் அவர் பக்கம் நீட்டினேன்.

"தொட்டுப் பாருங்கம்மா. சுத்தப் பட்டு."

அவர் நீட்ட வந்த கை பாதியில் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பிப் போனது.

"எனக்குக் குச்சியில நீட்டறியா?" என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கடை முழுக்கக் கேட்டது.

"ரப்பர் தோட்டத்துக் கடையில எங்கப்பாவுக்கு இப்படித்தான். கையில குடுக்க மாட்டாங்க. உப்பும் பொயலையும் பலகையில வச்சு ஒரு குச்சியால தள்ளி விடுவாங்க. காச அவரு கீழ வைக்கணும். நான் அவரு வேட்டியப் புடிச்சுக்கிட்டு நின்னு பாத்திருக்கேன். இப்ப எம்புள்ள கல்யாணத்துக்குக் கூறை எடுக்க வந்த எடத்துலயும் எனக்குக் குச்சியா?"

வீடியோ பிடித்துக்கொண்டிருந்த பெண், "பெரியம்மா, அவங்களுக்குக் கை முடியல போல" என்று மெதுவாகச் சொன்னாள். பெரியம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. என் அப்பாவும் ஒரு கடைக்குள் கடைசி வரை கால் வைக்காமலே செத்தார். அந்தக் குச்சி யார் கையில் இருந்ததோ, அவர்கள் இடத்தில் போய் நான் நின்றுவிட்டேன்.

கொடுக்கை மேசையில் வைத்தேன். சேலையை இரண்டு முன்கையிலும் வாரிப் போட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தேன். கைத்தடி இல்லை, பிடிக்கக் கை இல்லை. கடைப் பெண் ஓடி வந்தாள், வேண்டாம் என்று தலையாட்டினேன். எல்லோரும் வழி விட்டார்கள். பெரியம்மா முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, உங்களுக்கு நீட்டினது என் தப்பு. மன்னிச்சுக்குங்க. ஆனா அத நான் கையில வச்சிருக்கறது தப்பு இல்ல. என் கை இவ்ளோதான் வரும்."

சேலையை அவர் மடியில் வைத்துவிட்டு, கையைத் தூக்கிக் காட்டினேன், அது நிற்கிற இடம் வரை. அவர் என் விரல்களைப் பார்த்தார்.

"கை வரலன்னா வாய் வருமில்ல?" என்றார். "'கிட்ட வாங்கம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு வந்திருப்பேனே. எனக்கும்தான் முட்டி போச்சு. நான் என்ன, முடியலன்னு சொன்னா புரியாதவளா?"

அவர் சேலையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார். மற்ற கடைகளையும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று ஒன்பது பேரும் வெளியே போய்விட்டார்கள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாய் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை. குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல தங்கச்சி. ஆனா பேசினது பேசினதுதான், இல்லையா? நீ வீட்டுல இரு. இன்ஷா அல்லா, நான் கூப்பிடறேன்."

நான் கூப்பிடறேன் என்று பாய் சொல்வதை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறேன். துணி விற்க வருகிற ஏஜண்டுகளிடம் சொல்வார், வேலை கேட்டு வருகிறவர்களிடம் சொல்வார். ஒருவரையும் அவர் கூப்பிட்டதில்லை. கொடுக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்காரர் காரில் வந்து ஏற்றிக்கொண்டார்.

வீட்டில் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சரி விடு, உடம்பைப் பாரு என்று சொல்லப் போகிறார், சொன்னால் கோப்பையைத் தூக்கி எறிவது என்று தயாராக இருந்தேன். என் கையால் எவ்வளவு தூரம் எறிய முடியும் என்பது வேறு. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"தப்புப் பண்ணியா?"

"பண்ணினேன்."

"மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்புறம் எதுக்கு வீட்டுல இருக்கணும்? நான் லோரிய ரெண்டு தடவ கிடங்குச் சுவத்துல இடிச்சிருக்கேன். என்னை ஒருத்தனும் இனிமே ரோட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லல. நல்லாத் திட்டினாங்க, மறுநாள் சாவியக் குடுத்தாங்க."

என் கல்யாணத்துக்குப் பிறகு இந்த மனுஷன் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். நான் யோசித்துப் பார்த்தேன். பெரியம்மாவின் வார்த்தை உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. குத்தியதற்குக் காரணம் அது நியாயம் என்பதுதான். ஒருவரையும் எதையும் கேட்காமல் இருப்பதற்காகவே நான் அந்தக் கொடுக்கை வாங்கினேன். கேட்டால் 'பாவம்' வரும் என்ற பயம். பயந்துகொண்டுதான் இவ்வளவு வீரமும் காட்டியிருக்கிறேன். அதற்காக வீட்டில் உட்கார முடியுமா? முடியாது. கேட்கத் தெரியாமல் போனது ஒரு குறை. அதைத் திருத்திக்கொள்கிறேன். சேலை காட்டத் தெரியாமல் போகவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்கக் கால்மணி நேரம் முன்பாகவே போய் வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் காரிலேயே இருந்தார், இறங்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். எதிர்க்கடையில் பூ கட்டுகிற அக்கா, "என்ன, இன்னிக்கு சீக்கிரமா?" என்றார். "இன்னிக்கு நேரத்தோட வந்தாத்தான் ஆகும்" என்றேன். கடைப் பெண்கள் இரண்டு பேர் வந்து, என்னையும் ஒருவரையொருவரும் பார்த்துவிட்டு, சுவரோரம் நின்றார்கள்.

பாய் வந்தார். என்னைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. குந்தி உட்கார்ந்து ஷட்டரின் இரண்டு பூட்டையும் திறந்தார். திறந்துவிட்டுத் தூக்காமல் எழுந்து நின்றார்.

"தங்கச்சி, நான் கூப்பிடறேன்னுதானே சொன்னேன்?"

"நீங்க கூப்பிட மாட்டீங்க பாய்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நேத்து மாதிரி மறுபடி நடந்தா?"

"நடக்காது. கிட்ட வாங்கன்னு சொல்லுவேன். அவங்களால வர முடியலன்னா நான் போவேன். என்னாலயும் முடியலன்னா பக்கத்துல இருக்கறவளக் கேப்பேன்."

"நீயா? நீ கேப்பியா?" கடைப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "இவ கேப்பாளாம். இருபத்திரண்டு வருஷத்துல இந்தப் பொம்பள என்கிட்ட ஒரு நாள் லீவுகூடக் கேட்டதில்ல. 'நாளைக்கு வரல'ன்னு சொல்லிட்டுப் போயிடுவா."

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"இப்பவே கேக்கறேன். ஷட்டரத் தூக்குங்க பாய். என் கை அவ்ளோ உயரம் போகாது. கடைக்கு நேரமாச்சு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். பிறகு திரும்பி, இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்துக் கிறீச் என்று தூக்கி, எல்லோரும் தலையைத் தாழ்த்தி நுழைகிற பாதி உயரத்தில் நிறுத்தினார். பெண்கள் இரண்டு பேரும் குனிந்து உள்ளே போய்விட்டார்கள். நான் நகரவில்லை.

பாய் ஒரு பெருமூச்சு விட்டார். முழுதாகத் தூக்கினார்.